கணக்கு எழுதியவரே முடிக்க வேண்டும்

ஏரியை ஒருமுறை வெட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. மழைக்காலம்தோறும் தண்ணீரோடு வண்டலும் வரும். கரை அரிக்கும், மதகு கசியும், கலிங்கில் கல் பெயரும். வெட்டியவர் ஒருநாள் இறந்துபோவார். வண்டல் வருவது நிற்காது. ஒரு மன்னனின் கொடையோ ஒரு தலைமுறையின் உற்சாகமோ ஏரியின் ஆயுளுக்கு ஈடுகொடுக்க முடியாது. யார் செத்தாலும், யார் ஊரைவிட்டுப் போனாலும், அடுத்த கோடையில் தூர் வாரும் வேலை தொடங்கியாக வேண்டும். அதற்கு நல்ல மனிதர்கள் மட்டும் போதாது, ஓர் ஏற்பாடு வேண்டும். அமைப்பு என்று நான் இங்கே சொல்வது அந்த ஏற்பாட்டைத்தான்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் அப்படி ஓர் ஏரி உண்டு. பல்லவர் காலத்தில் அதற்கு வயிரமேக தடாகம் என்று பெயர். அதில் தூர் எடுப்பதற்கென்று கொடுத்த கொடைகளைப் பற்றிக் கல்வெட்டுகள் பேசுகின்றன. அந்த ஊரின் மகாசபை, முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், தன் நிர்வாகக் குழுக்களான வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று இரண்டு முறை கூடி முடிவு செய்தது. இரண்டு முடிவுகளும் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்லில் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான். மேடைகளில் அதை நம் ஜனநாயகத்தின் பழமைக்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். அந்தப் பெருமிதத்தின் இரைச்சலில் கல்வெட்டு என்ன சொல்கிறது என்பது காதில் விழாமல் போகிறது. வரி வரியாக வாசித்தால் தெரியும், மனிதர்களைப் பற்றி எந்த மயக்கமும் இல்லாதவர்கள் உட்கார்ந்து எழுதியது அது.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுத வேண்டும். தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35 வயதுக்கு மேல் 70க்குக் கீழ், வேதக் கல்வி. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் பிறருக்கு விளக்கிச் சொல்லும் அளவு கற்றவர் என்றால் அரைக்கால் வேலி நிலம் போதும். இவையெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருப்பவை. என்னை நிறுத்திவைப்பது இதற்குப் பிறகு வருவது. கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்தவர் பெயரை எழுதக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை எழுதக் கூடாது. அவரோடு முடிந்துவிடவில்லை. அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன், சகோதரியின் கணவன், சகோதரியின் மக்கள், தாய்மாமன், சிற்றப்பன் பெரியப்பன், அத்தை மக்கள், மாமன் மக்கள், பெரியம்மா சின்னம்மா மக்கள் என்று பட்டியல் நீள்கிறது. ஒருவர் கணக்குக் காட்டவில்லை என்றால் உறவு முழுவதும் வெளியே நிற்க வேண்டும். கூட்டுக் குடும்ப நாட்டில் பதவி எந்த வழியாகத் திரும்பி வரும் என்பதை நன்றாக அறிந்தவர்கள் போட்ட வேலி இது.

அடுத்து, ஓலை எடுக்கும் விதம். சிறியவர் பெரியவர் எல்லோரும் சபையில் கூட வேண்டும். அன்றைக்கு ஊரில் இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், ஒருவர் விடாமல் மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, குடும்புவாரியாகக் கட்டிய ஓலைகள் இட்ட குடத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுப்பான். அதை வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து, நடுவரான மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்த பெயரை நம்பிமார் அனைவரும் மறுபடியும் வாசிக்க வேண்டும்.

ஐந்து விரலை விரித்து வாங்கு என்று ஒரு சபை கல்லில் எழுதுகிறது. விரலிடுக்கில் இன்னொரு ஓலையை ஒளித்து யாரோ ஒருவன் முன்பு மாற்றியிருக்க வேண்டும், அல்லது மாற்றுவான் என்ற அச்சம் இருந்திருக்க வேண்டும். எந்த மத்தியஸ்தன், எந்த ஆண்டு என்று எதுவும் சொல்லப்படவில்லை. குற்றவாளியின் பெயர் அழிந்துபோய், குற்றம் விதியாக மாறி நிற்கிறது. எல்லா அமைப்புகளின் விதிகளையும் நான் இப்படித்தான் வாசிக்கப் பழகிக்கொண்டேன். சங்கத்தின் பைலாவில் விசித்திரமான ஒரு வரி கண்ணில் பட்டால், அதன் பின்னால் எப்போதோ நடந்த ஒரு துரோகமோ தகராறோ இருக்கிறது. காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து எதற்கு? ஒருவர் கையெழுத்து போதும் என்றிருந்த காலத்தில் பணம் போயிருக்கிறது. பொதுக்குழுவுக்கு இத்தனை நாள் முன்னால் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது எதற்கு? நாலு பேர் ரகசியமாகக் கூடி எல்லாவற்றையும் முடித்துவிட்ட ஒரு ராத்திரி எங்கோ இருந்திருக்கிறது.

இந்த விதிகளின் மேன்மை, அவநம்பிக்கையை ஆளுக்கு எதிராக வைக்காமல் வேலைக்குள் வைப்பதில் இருக்கிறது. மத்தியஸ்தன் யோக்கியனாகவும் இருக்கலாம். ஆனால் யோக்கியனும் விரலை விரிக்க வேண்டும். அப்போது விரிக்கச் சொல்வது யாருக்கும் அவமானம் ஆகாது. நம் ஊர்களில் கணக்குக் கேட்டால் "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று பொருளாளர் கோபப்படுகிறார், கேட்டவர் சங்கடத்தில் தலை குனிகிறார். கேள்வி ஆளைப் பற்றியதாகிவிடுகிறது. உத்திரமேரூர்ச் சபை 1100 ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சங்கடத்திலிருந்து வெளியே வரும் வழியைக் கண்டிருந்தது.

இரண்டு கல்வெட்டுகளுக்கு நடுவே இரண்டே ஆண்டுகள் என்பதையும் நான் முக்கியமாக நினைக்கிறேன். 919இல் ஒரு முறை வகுத்தார்கள். 921இல் அதைத் திருத்தி, இன்னும் விரிவாக எழுதினார்கள். முதல் ஏற்பாட்டில் ஓட்டை இருந்திருக்கிறது. அதை மறைக்காமல் மறுபடியும் கூடினார்கள். முதல் கல்வெட்டை யாரும் செதுக்கி அழிக்கவும் இல்லை. இரண்டாவதில் தீயவர் கெட்டு மற்றவர் வாழ வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு என்ற கருத்தும் சொல்லப்படுகிறது. இரண்டு முறையும் அரசனின் அதிகாரி ஒருவர் ஆணைப்படி உடனிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சபை தானாகவே எல்லாம் செய்துகொண்டது என்பது பாதி உண்மைதான்.

இப்படித் தேர்ந்த 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. சம்வத்சர வாரியத்துக்கு எடுப்பவர்கள் முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்களாக, கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களாக இருக்க வேண்டும். பதவிக்காலம் 360 நாள், பிறகு இறங்க வேண்டும். நடுவில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கம். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் இதேபோல் தனியாக ஓலை எடுப்பார்கள்.

இதில் இரண்டு நோக்கங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பதைப் பாருங்கள். பழகிய கை வேண்டும். ஆனால் பழகிய கையிலேயே எல்லாம் தங்கிவிடக் கூடாது. முதலாவதற்காக மூத்த வாரியத்தில் அனுபவத்தைக் கேட்கிறார்கள். இரண்டாவதற்காக மூன்று ஆண்டு இடைவெளியை வைக்கிறார்கள். இடையே ஒரு சிறுவனின் கையும் குருட்டு வாய்ப்பும். குடத்திலிருந்து பெயர் வந்தவர் யாருக்கும் நன்றிக்கடன் பட்டவரல்ல. ஓட்டுப் போட்டவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியதும் இல்லை, தோற்றவரைப் பழிவாங்க வேண்டியதும் இல்லை. ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியை ஆராய்ந்து ராபர்ட் மிகெல்ஸ் 1911இல் எழுதிய புத்தகம், எந்தக் கட்சியும் சங்கமும் கடைசியில் ஒரு சிலர் கைக்குத்தான் போகும் என்று வாதிட்டது. தொழிலாளர் சமத்துவத்துக்காகவே பிறந்த கட்சியில்கூட, முழுநேர நிர்வாகிகளுக்கு வேலையின் நுணுக்கம் தெரியும், தகவல் அவர்களிடம் சேரும், தொண்டர்கள் களைத்துப்போவார்கள் என்று அவர் காரணங்களை அடுக்கினார். லட்சக்கணக்கானவர்களின் கட்சியையும் ஓர் ஊர்ச் சபையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் மிகெல்ஸ் விதி என்று சொன்னதை ஒரு நோயாகக் கண்டு, அதற்கு மருந்து தேடியவர்கள் இருந்திருக்கிறார்கள்.

கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கணக்கரைப் பற்றியது. நேர்மையாகச் சம்பாதிப்பவரே ஊர்க் கணக்கு எழுத வேண்டும். தன் காலத்துக் கணக்கை ஒப்படைத்து, அது சுத்தமானது என்று ஏற்கப்படும்வரை அவருக்கு மறுபடியும் அந்த வேலை கிடையாது. தான் எழுதிய கணக்கைத் தானே முடிக்க வேண்டும். அதை முடித்துக்கொடுக்க வேறொரு கணக்கரை நியமிக்கக் கூடாது. அமைப்புகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி வரியின் அருமை தெரியும். பாதிக் கணக்கை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, "அது என் காலத்தில் நடந்ததில்லை" என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளும் இடைவெளியில்தான் பொதுப்பணம் காணாமல் போகிறது.

நான் சில ஆண்டுகள் ஒரு வாசகர் அமைப்பின் செயற்குழுவில் இருந்தேன். ஊர் பேர் வேண்டாம். அதன் செயலாளர் தன் காலத்தையும் கைக்காசையும் கரைத்து அதை நடத்தினார். உறுப்பினர் பட்டியல், தீர்மானப் புத்தகம், வங்கிப் பாஸ்புக் எல்லாம் அவர் வீட்டு பீரோவில். அவர் திடீரென்று இறந்துபோனபோது, கையெழுத்து மாற்றத் தீர்மான நகல் கொண்டுவாருங்கள் என்றது வங்கி. தீர்மானம் போட உறுப்பினர் பட்டியல் வேண்டும். துக்க வீட்டில் போய் பீரோவைத் திறக்கச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. மாதங்கள் போயின, கூட்டங்கள் நின்றன, வாடகை பாக்கி விழுந்து அறையைக் காலி செய்தோம். அந்த மனிதரின் அர்ப்பணிப்பில் குறையே கிடையாது. அலுவலகம் வேறு வீடு வேறு, அமைப்பின் பணம் வேறு சொந்தப் பணம் வேறு என்று பிரிப்பதுதான் நவீன நிர்வாகத்தின் அடித்தளம் என்று மாக்ஸ் வேபர் எழுதியதை நான் அந்த பீரோவின் வழியாகத்தான் புரிந்துகொண்டேன்.

சிறுபத்திரிகை உலகத்துக்கு இதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது. நம்மிடையே அமைப்பு என்றாலே ஓர் இளக்காரம் உண்டு. படைப்பாளி தனியன், அமைப்பு அவனை நசுக்கும், தலைவர் செயலாளர் பொருளாளர் என்று ஆரம்பித்தால் இலக்கியம் செத்துவிடும் என்ற எண்ணம் நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அதற்கு நியாயமும் இருக்கிறது. மாலை, சால்வை, நன்றியுரை என்று பொழுதைக் கழித்த மன்றங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' தமிழ்ப் புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் செய்ததை யாரும் மறுக்க முடியாது. 1970இல் அது நின்றது. ஒரு மனிதர் தோளில் சுமந்ததை அந்தத் தோள் களைக்கும்வரைதான் சுமக்க முடியும். அதற்குப் பின் வந்த எத்தனையோ இதழ்களின் கதையும் இதுவே.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூலும் இதழும் துண்டறிக்கையும் நாடக நோட்டீசுமாக வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. சென்னையில் 1994 முதல் அது ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. பட்டியல் தயாரிக்க ஓர் ஆள், நுண்படம் எடுக்க ஓர் ஆள், பூச்சியும் ஈரமும் அண்டாமல் பார்க்க ஓர் ஆள், இவர்கள் சம்பளத்துக்கு நிதி தேட ஓர் அறக்கட்டளை. தமிழ் அச்சு வரலாற்றை இன்று எழுதுகிறவர்களில் அந்த நூலகத்துக்குக் கடன்படாதவர்கள் குறைவு. சேர்த்தது ஒருவரின் பித்து. அந்தப் பித்து அவர் காலத்துக்குப் பிறகும் பிழைத்திருப்பது, மாதாமாதம் சம்பளப் பட்டியலில் கையெழுத்து வாங்கும் சாதாரண ஏற்பாட்டால். உ.வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அவர் பெயரில் அடுத்த ஆண்டே நூலகம் அமைந்ததால்தான் அவர் வீடுவீடாக அலைந்து திரட்டிய சுவடிகள் ஓரிடத்தில் நிற்கின்றன. ஊர் ஊராக எத்தனை சுவடிப்பெட்டிகள் வாரிசுகளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கரையானுக்குப் போயின என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

"எங்களுக்கு அமைப்பே வேண்டாம், நாங்கள் நண்பர்கள்" என்பவர்களுக்கு ஜோ ஃப்ரீமன் பதில் சொல்லியிருக்கிறார். அமெரிக்கப் பெண்ணியவாதி. 1970இல் உரையாகப் பேசி, பிறகு கட்டுரையாக வெளியிட்டார். தலைவர் வேண்டாம், விதி வேண்டாம் என்று இயங்கிய பெண்கள் குழுக்களில் அவர் கண்டது இதுதான்: விதி இல்லாத இடத்தில் அதிகாரம் ஒழிவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. யாருக்கு யார் நெருங்கிய தோழி, கூட்டம் முடிந்தபின் யார் யாரோடு காபி குடிக்கிறார்கள் என்பதில் முடிவுகள் பிறக்கின்றன. அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவளுக்குத் தான் ஏன் ஒதுக்கப்படுகிறோம் என்பதுகூட விளங்காது. எதிர்த்து முறையிட விதியும் இல்லை, பதவியும் இல்லை. அவர் சொன்ன தீர்வுகளில் முக்கியமானவை பொறுப்பைச் சுழற்சியில் விடுவதும் தகவலை எல்லோருக்கும் கொடுப்பதும். மூன்று ஆண்டு இடைவெளியும், உரக்க வாசித்து மறுபடியும் வாசிக்கப்பட்ட ஓலையும் என் நினைவுக்கு வருகின்றன. நம் இலக்கிய வட்டங்களை ஃப்ரீமனின் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் நிறையப் புரியும். பெண்களும் தலித்துகளும் ஏன் அந்த வட்டங்களில் விருந்தாளிகளாகவே நின்றுபோனார்கள் என்பது உட்படப் பலதும்.

இந்த இடத்தில் உத்திரமேரூரையும் விட்டுவைக்க முடியாது. அது பிரமதேயம், பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊர். சபையில் உட்காரும் உரிமை நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு. வண்டலை வெட்டிக் கூடையில் சுமந்தவர்கள், அந்த ஏரி பாய்ந்த வயலில் நாற்று நட்ட பெண்கள், எவர் பெயரும் ஓலையில் ஏறவில்லை. கீழானவர்கள் என்று கருதியவர்களோடு சேர்ந்தவரையே, பிராயச்சித்தம் செய்யும்வரை, தகுதியற்றவர் என்று தள்ளியது அந்தச் சபை. உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றாமல் இருக்க இத்தனை நுட்பம்; வெளியே இருப்பவர்களைப் பற்றி ஒரு விதியும் இல்லை. எந்த அமைப்புக்கும் முதல் விதி யார் உறுப்பினர் என்பதுதான். அது கோணலாக இருந்தால் மற்ற விதிகளின் நேர்த்தி அந்தக் கோணலைத்தான் காப்பாற்றும். திருநெல்வேலிப் பக்கம் மானூரில், இதற்கும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முந்திய பாண்டியர் காலக் கல்வெட்டு, சபையில் வருகிற ஒவ்வொரு தீர்மானத்துக்கும் 'அன்று அன்று' (அல்ல, அல்ல) என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் 5 காசு தண்டம் விதித்தது. தொல்லை கொடுப்பவரை அடக்கச் சபைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மறுப்பவர் எல்லோரும் தொல்லைக்காரர் இல்லை. அவரையும் இவரையும் ஒரே தண்டத்தில் கட்டுவது அமைப்புகளுக்கு அன்றுமுதல் இன்றுவரை எளிதாக வந்துவிடுகிறது.

இன்றைய சட்டம் கதவை அகலமாகத் திறந்திருக்கிறது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். 73ஆவது அரசியல் சாசனத் திருத்தத்துக்குப் பின் கிராமசபை ஒவ்வொரு வாக்காளருக்கும் உரியது. பெண்களுக்கும் தலித்துகளுக்கும் தலைவர் பதவியிலேயே இட ஒதுக்கீடு உண்டு. உத்திரமேரூர் கனவிலும் காணாதது அது. ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், 2019 டிசம்பர் வரை நம் கிராம ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். தெருவிளக்கு எரிந்தது, சம்பளம் போனது, பதிவேடுகள் எழுதப்பட்டன. இயங்குவது என்ற அளவில் எல்லாம் இயங்கியது. கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட, நாளை நம் வாசலுக்கு வந்தாக வேண்டிய ஒருவர் மட்டும் இல்லை. எந்திரம் ஓடுவதற்கும் அமைப்பு உயிரோடு இருப்பதற்கும் உள்ள தூரம் அந்த மூன்று ஆண்டுகளில் தெரிந்தது. அதைப் பெரிய இழப்பாக எண்ணிக் கொதித்தவர்கள் அதிகமில்லை என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

உங்கள் வாசகர் வட்டமோ, குடியிருப்போர் சங்கமோ, ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கமோ, பொதுக்குழு அறிவிப்பு அனுப்பினால் போங்கள். கோரம் இல்லை என்று தள்ளிவைக்க உங்கள் நாற்காலி காரணமாக வேண்டாம். சென்ற கூட்டத் தீர்மானங்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வரவு செலவில் புரியாத வரியைப் புரியும்வரை கேளுங்கள். கேட்பது யாரையும் திருடர் என்று சொல்வதாகாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். பத்து வருடமாக ஒரே ஆள் பொருளாளர் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். அடுத்த பொருளாளர் யார் என்று மேடையிலிருந்து கேட்டு, கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்க்கும் அந்த நேரத்தில், நீங்கள் கை தூக்குங்கள்.